பழைய கேஸ் ஒண்ணு இருக்கும்போது கிரீன் கார்டு ரினியூவல்: நான் போன இமிக்ரேஷன் லாயர் ஆபீஸ் ரிவ்யூ

இத எழுதலாமா வேண்டாமானு ரொம்ப நாள் யோசிச்சேன். எழுதணும்னா என் கேஸ் பத்தியும் சொல்லணும், அத சொல்ல இன்னிக்கும் எனக்கு கூச்சமா தான் இருக்கு. ஆனா இதே நிலமையில நம்ம ஆளுங்க நிறைய பேர் யார்கிட்டயும் கேக்க முடியாம உள்ளுக்குள்ளயே பயந்துகிட்டு இருக்காங்கனு இப்ப தெரியுது, அதனால எழுதுறேன். லாயர் பேரு, ஆபீஸ் பேரு எதுவும் போடல, கலிஃபோர்னியா பே ஏரியானு மட்டும் வெச்சுக்கோங்க. பேரு இல்லாம என்னய்யா ரிவ்யூனு கேப்பீங்க, நான் சொல்ல வர்றது இந்த மாதிரி ஒரு சர்வீஸுக்கு காசு குடுக்குறது வொர்த்தா, போனா என்ன எதிர்பாக்கணும், எத வெச்சு நல்ல லாயரா இல்லையானு கண்டுபிடிக்கணும்ங்கிறது தான்.

முதல்ல கேஸ். எனக்கு கம்பெனி மூலமா கிரீன் கார்டு வந்தது செப்டம்பர் 2015. நவம்பர் 2017ல ஒரு பெரிய கடையில செல்ஃப் செக்அவுட்ல ஒரு ஹெட்ஃபோனையும் பிளேடு பாக்கெட்டையும் ஸ்கேன் பண்ணாம பைக்குள்ள போட்டேன். மொத்தம் 68 டாலர். வாசல்லயே பிடிச்சுட்டாங்க, போலீஸ் வந்துச்சு, புக்கிங்ல பத்து விரல் ரேகையும் எடுத்தாங்க. அப்ப ஒரு கிரிமினல் லாயர வெச்சேன். அவரு பெட்டி தெஃப்ட், அதாவது சின்ன திருட்டு, மிஸ்டிமீனர்ங்கிற சின்ன குற்ற வகை தான், 'நோ கான்டெஸ்ட்', அதாவது எதிர்த்து வாதாடலனு சொல்லிடுங்க, ஃபைன் கட்டி புரொபேஷன் முடிச்சா அப்புறம் எக்ஸ்பஞ்ச் பண்ணி குடுத்துடறேன், எல்லாம் அழிஞ்சிடும்னாரு. அதே மாதிரி நடந்துச்சு, 1203.4னு ஒரு செக்ஷன்ல கேஸ் டிஸ்மிஸ் ஆன ஆர்டர் கைக்கு வந்துச்சு. நான் சிட்டிசன் இல்லங்கிறத பத்தி அவரு என்கிட்ட ஒரு வார்த்தை கூட பேசல, நானும் கேக்கல. அதுக்கப்புறம் ரெண்டு தடவை ஊருக்கு போயிட்டு வந்தேன், ஏர்போர்ட்ல ஒண்ணும் கேக்கல. ஆக அது முடிஞ்ச கதைனு முழுசா நம்பிட்டேன்.

கார்டு 2025 செப்டம்பர்ல முடியறதா இருந்துச்சு. நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் டாக்ஸ் ஃபைலிங்கோட சேத்து இமிக்ரேஷன் ஃபார்மும் ஃபில் பண்ணி குடுப்பாரு, அவர்கிட்ட தான் முதல்ல போனேன். 120 டாலர். நல்ல மனுஷன், அதுல சந்தேகமே இல்ல. கேஸ் பத்தி தயங்கி தயங்கி சொன்னேன். "தம்பி, அதான் அழிச்சு குடுத்துட்டாங்கல்ல, ஐ-90 ஃபார்ம்ல (கார்டு ரினியூ பண்ற ஃபார்ம்) கேஸ் இருக்கானு கேள்வியே இல்ல, நீங்களா ஏன் இழுத்து விட்டுக்கறீங்க, விடுங்க"னு சொன்னாரு. ஃபார்ம்ல கேள்வி இல்லங்கிறது நிஜம் தான். உங்களை நாட்ட விட்டு அனுப்புற கேஸ் எதுவும் நடந்திருக்கா, கிரீன் கார்டு ஸ்டேட்டஸ விட்டுக் குடுத்திருக்கீங்களா, இந்த மாதிரி தான் கேக்குறாங்க. ஆனா வீட்டுக்கு வந்து ராத்திரி படுத்தா எனக்கு தூக்கம் வரல, ஏன்னா ஃபார்ம் கேக்கலனாலும் பயோமெட்ரிக்ஸ்னு கூப்பிட்டு விரல் ரேகை எடுப்பாங்க, அது எஃப்பிஐக்கு போகும், 2017ல எடுத்த அதே பத்து விரல் தானே இதுவும்.

இந்த மாதிரி ஃபார்ம் ஃபில் பண்றவங்க பத்தி ஒண்ணு சொல்லிடறேன். கலிஃபோர்னியால இமிக்ரேஷன் கன்சல்டன்ட்னு போர்டு வெக்கணும்னா 1,00,000 டாலருக்கு பாண்டு, அதாவது ஜாமீன் பத்திரம் கட்டணும், அப்பவும் அவங்க நீங்க சொல்றத எழுதி குடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், அவ்வளவு தான். எந்த ஃபார்ம் போடணும், எந்த கேள்விக்கு என்ன பதில்னு ஆலோசனை சொல்ல சட்டப்படி அனுமதி இல்ல. கேஸே இல்லாத ஆளுக்கு அவங்க போதும், இன்னும் சொல்லப்போனா அவங்க கூட வேணாம், ஆன்லைன்ல நாமளே அரை மணி நேரத்துல முடிச்சிடலாம். கேஸ் இருக்குனா அது வேற விஷயம்.

ஆபீஸ்ல ஒரு ஃப்ரெண்டு சொல்லி இந்த லாயர் அம்மாவ பத்தி தெரிஞ்சுது. போறதுக்கு முன்னாடி ஸ்டேட் பார் வெப்சைட்ல பேர போட்டு பாத்தேன், லைசென்ஸ் ஆக்டிவ்வா இருக்கா, ஏதாவது ஒழுங்கு நடவடிக்கை இருக்கானு அங்கயே காட்டும், காசு கிடையாது. ஒரு மணி நேர கன்சல்டேஷன் 250 டாலர். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே ஒரு ஈமெயில் வந்துச்சு, கோர்ட்ல இருந்து சர்டிஃபைடு டிஸ்பொசிஷன் (கேஸ் எப்படி முடிஞ்சுதுனு சீலோட தர்ற பேப்பர்), போலீஸ் ரிப்போர்ட் கிடைச்சா அது, கிரீன் கார்டு ரெண்டு பக்கமும் காப்பி, பாஸ்போர்ட்ல இருக்கிற எல்லா ஸ்டாம்ப்பும், அப்புறம் எஃப்பிஐ ஐடென்டிட்டி ஹிஸ்டரி சம்மரி எடுத்துட்டு வாங்கனு. கடைசியா சொன்னது எனக்கு புதுசு. எஃப்பிஐகிட்ட நம்மள பத்தி என்ன ரெக்கார்டு இருக்குனு நாமளே 18 டாலர் கட்டி வாங்கிக்கலாம். வாங்கி பாத்தப்போ எனக்கு கை நடுங்கிடுச்சு. அழிஞ்சுடுச்சுனு நான் நம்பின அரெஸ்ட் அப்படியே இருக்கு, தேதி, எந்த போலீஸ், தெஃப்ட்னு சார்ஜ், எல்லாம். அத விட மோசம் என்னன்னா கேஸ் எப்படி முடிஞ்சுதுங்கிற இடம் காலி. ஃபைன் கட்டினது, டிஸ்மிஸ் ஆனது ஒண்ணுமே அதுல ஏறல. அத பாக்குற ஆபீசருக்கு திருட்டு கேஸ்ல அரெஸ்ட் ஆனவன், முடிவு தெரியலனு தான் தெரியும். கோர்ட் பேப்பர் ஏன் அவ்வளவு முக்கியம்னு எனக்கு புரிஞ்சது அந்த நிமிஷம் தான்.

கன்சல்டேஷன் நாள். நான் போன உடனே வழக்கமா சொல்ற மாதிரி மறதில ஸ்கேன் பண்ணாம விட்டுட்டேன்னு ஆரம்பிச்சேன், ஏழு வருஷமா என் வைஃப்கிட்ட கூட அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். அந்த அம்மா பேனாவ கீழ வெச்சுட்டு, ஆபீசர்கிட்ட என்ன பேசணும்னு அப்புறம் பாப்போம், இங்க பேசுறது இந்த ரூம விட்டு வெளிய போகாது, நடந்தத சொல்லுங்கனு கேட்டாங்க. மறதி இல்லனு சொன்னேன். அவங்க முகத்துல ஒரு மாத்தமும் இல்ல, எழுதிக்கிட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டாங்க. அன்னிக்கு சாயந்திரம் வைஃப்கிட்டயும் சொல்லிட்டேன், அது தனி கதை, இங்க வேணாம்.

அதுக்கப்புறம் அவங்க விளக்கின விதம் தான் இந்த ரிவ்யூவுக்கே காரணம். முதல்ல பயத்த பாதி குறைச்ச விஷயம், கார்டு வேற ஸ்டேட்டஸ் வேற. கார்டு 10 வருஷத்துல எக்ஸ்பயர் ஆகும், பெர்மனன்ட் ரெசிடென்ட்ங்கிற ஸ்டேட்டஸ் அதோட எக்ஸ்பயர் ஆகாது. ஐ-90 போடுறது ஸ்டேட்டஸ திரும்ப கேக்குறது இல்ல, அட்டைய புதுசா கேக்குறது. நாமளா விட்டுக் குடுக்காம ஸ்டேட்டஸ் போகணும்னா இமிக்ரேஷன் கோர்ட்ல ஜட்ஜ் ஆர்டர் போட்டு அது இறுதியாகணும். அப்ப பிரச்சனை எங்க வருதுனா, ரேகை எடுக்கும்போது ரெக்கார்டு யுஎஸ்சிஐஎஸ், அதாவது இந்த அப்ளிகேஷன பாக்குற அமெரிக்க இமிக்ரேஷன் ஆபீஸ் கண்ணுல படுது, அந்த கேஸ் நாட்ட விட்டு அனுப்பக்கூடிய வகையில வருதுனு அவங்க நெனச்சா 'நோட்டீஸ் டு அப்பியர்'னு ஒரு பேப்பர் அனுப்பி இமிக்ரேஷன் கோர்ட்டுக்கு இழுக்கலாம். ஆக கேக்க வேண்டிய கேள்வி ரினியூவல் ரிஜெக்ட் ஆகுமாங்கிறது இல்ல, என் கேஸ் அந்த வகையில வருதாங்கிறது. பயந்துகிட்டு இருந்த இத்தன வருஷத்துல நான் இந்த கேள்விய ஒரு தடவ கூட சரியா கேட்டதில்ல.

ரெண்டாவது, என் தலையில இடி விழுந்த மாதிரி இருந்த விஷயம், எக்ஸ்பஞ்ச் பண்ணினாலும் இமிக்ரேஷன் சட்டத்துக்கு அது கன்விக்ஷன், அதாவது குற்றவாளினு ஆன தீர்ப்பு தான். அவங்க சட்டத்துல கன்விக்ஷனுக்கு தனி விளக்கம் இருக்காம், குற்றத்த ஒத்துக்கிட்டோ இல்ல நோ கான்டெஸ்ட் சொல்லியோ, அதுக்கு ஏதோ ஒரு தண்டனை, ஃபைனோ புரொபேஷனோ எதுவா இருந்தாலும் ஜட்ஜ் போட்டா போதும். அதுக்கப்புறம் நல்ல பிள்ளையா இருந்தான்னு ஸ்டேட் கோர்ட் அழிச்சு குடுக்குறது இவங்க கணக்குல வராது. தண்டனைய நிறுத்தி வெச்சா கூட, ஜெயிலுக்கு ஒரு நாள் போகலனாலும் ஜட்ஜ் சொன்ன முழு நாளும் கணக்கு. கேஸ் நடந்த விதத்துலயே சட்டப்படி குறை இருந்து அதுக்காக ரத்து பண்ணினா மட்டும் தான் மதிப்பாங்க. கலிஃபோர்னியால 2017 ஜனவரில இருந்து 1473.7னு ஒரு வழி இருக்கு, இமிக்ரேஷன்ல என்ன ஆகும்னு புரியாம ஒத்துக்கிட்டவங்க கன்விக்ஷன ரத்து பண்ண சொல்லி மோஷன் போடலாம். 2010ல சுப்ரீம் கோர்ட் படில்லா கேஸ்ல தீர்ப்பு சொல்லியிருக்கு, சிட்டிசன் இல்லாத ஆளுக்கு அவன் நாடு கடத்தப்படலாம்னா கிரிமினல் லாயர் அத எடுத்து சொல்லியே ஆகணும்னு. என் லாயர் எடுத்து சொல்லல. எனக்கு இப்ப அந்த மோஷன் தேவைப்படாது, ஆனா அந்த கதவு இருக்குனு ஞாபகம் வெச்சுக்கோங்கனு சொன்னாங்க. அப்படி ஒண்ணு இருக்குனே எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

அப்புறம் என் கேஸ பிரிச்சு பாத்தாங்க. திருட்டு வந்து 'மாரல் டர்பிட்யூட்' வகை, அதாவது ஒழுக்கக்கேடான குற்றம்னு சட்டம் சொல்ற வகை. அதுல ஒண்ணு மட்டும் இருந்தா, அட்மிஷன், அதாவது அமெரிக்காவுக்குள்ள முறைப்படி அனுமதிச்சது ஆன 5 வருஷத்துக்குள்ள செஞ்சிருக்கணும், அதோட அந்த குற்றத்துக்கு 1 வருஷமோ மேலயோ தண்டனை குடுக்க முடியணும், ரெண்டும் சேந்தா தான் ஆபத்து. 5 வருஷத்த எந்த தேதில இருந்து எண்ணணும்ங்கிறதே ஒரு தனி வாதமாம், அதுக்கு தான் நான் முதல்ல எந்த விசால எப்ப வந்தேன், எப்பெப்ப வெளிய போயிட்டு வந்தேன்னு எல்லாம் கேட்டிருக்காங்க. ஆனா அந்த வாதத்துக்கே போக வேண்டாம், கலிஃபோர்னியால பெட்டி தெஃப்டுக்கு உச்ச தண்டனையே 6 மாசம் தான், 1 வருஷம்ங்கிற கோட்ட அது தொடவே இல்லனு சொன்னாங்க. அத கேட்டப்போ எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, அந்த அம்மா டிஷ்யூ பாக்ஸ இந்தப் பக்கம் தள்ளினாங்க. டேபிள்ல அத வெச்சிருக்கிற இடத்த பாத்தா தினமும் யாராவது எடுக்குறாங்கனு தெரியுது.

ஆனா அங்கயே விடல. இந்த மாதிரி இன்னொண்ணு வந்தா, ஒரே சம்பவத்துல நடந்ததா இல்லாம தனியா நடந்ததா இருந்தா, எத்தன வருஷம் கழிச்சுனாலும் ரெண்டும் சேந்து டிபோர்ட் பண்ற வகைக்கு போயிடும், அதனால உங்க வாழ்நாளுக்கு இது ஒண்ணு தான்னு முகத்த பாத்து சொன்னாங்க. இதையெல்லாம் இப்படி நேரா சொல்ற லாயர் தான் வேணும்.

நான் என் கேஸுக்கு தான் காசு குடுத்தேன், ஆனா எந்தெந்த கேஸ்ல நிலமை தலைகீழா மாறும்னு கேட்டப்போ பொறுமையா சொன்னாங்க, நம்ம ஆளுங்களுக்கு உபயோகப்படும்னு இங்க போடறேன். 1 வருஷம் தண்டனை குடுக்க முடியற வேற திருட்டு கேஸ்ல ஜட்ஜ் 1 வருஷ தண்டனை போட்டிருந்தா, நிறுத்தி வெச்சிருந்தா கூட, அது 'அக்ரவேட்டட் ஃபெலனி', அதாவது இமிக்ரேஷன் சட்டம் ரொம்ப கடுமையா பாக்குற குற்ற வகை ஆயிடலாம், பேரு தான் ஃபெலனி (பெரிய குற்றம்), ஸ்டேட்ல மிஸ்டிமீனரா இருந்தாலும் அப்படித்தான். 364 நாளுக்கும் 365 நாளுக்கும் நடுவுல ஒரு குடும்பமே நிக்குதுனு சொன்னாங்க. மோசடி கேஸ்ல நஷ்டம் 10,000 டாலர தாண்டினாலும் அதே. கஞ்சா விஷயத்துல நம்ம பசங்க ரொம்ப ஏமாந்துடறாங்க, கலிஃபோர்னியால லீகல் தானேனு. ஃபெடரல் சட்டத்துல இன்னும் லீகல் இல்ல, இமிக்ரேஷன் முழுக்க ஃபெடரல். சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்குள்ள வெச்சிருந்த ஒரே ஒரு தடவைக்கு மட்டும் நாடு கடத்துற பிரிவுல விலக்கு இருக்கு, வேற எந்த போதைப் பொருள் கன்விக்ஷனுக்கும் அந்த விலக்கு கூட கிடையாது. ஆனா அந்த விலக்கு இருந்தும் வெளிநாடு போயிட்டு திரும்பி உள்ள வர்ற இடத்துல மாட்டலாமாம்.

வீட்டு சண்டைல 911 கூப்பிடறது பத்தியும் பேசினாங்க. அடி வாங்குறவங்க கூப்பிடத்தான் வேணும், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா அந்த கேஸ்ல மாட்டினவங்க, சின்ன சார்ஜ் தானேனு இமிக்ரேஷன் லாயர கேக்காம ஒத்துக்கிட்டா டொமஸ்டிக் வயலன்ஸ் கன்விக்ஷன் தனியா ஒரு டிபோர்ட் காரணம். ப்ரொடெக்டிவ் ஆர்டர், அதாவது ஒருத்தருக்கு பாதுகாப்பா கோர்ட் போடுற உத்தரவு இருக்கும்போது மிரட்டியோ தொல்லை குடுத்தோ அத மீறினா, கன்விக்ஷன் கூட வேண்டாம், மீறினாருனு கோர்ட் முடிவு பண்ணினா போதும். குடிச்சிட்டு ஓட்டின கேஸ் சாதாரணமா ஒரு தடவைனா அதுவே நாடு கடத்துற வகைல வராது, ஆனா சிட்டிசன்ஷிப் போடும்போது நன்னடத்தை கேள்வில வந்து நிக்கும், ரெண்டு மூணு ஆச்சுனா நிலமை வேற.

இன்னொரு விஷயம் எனக்கு மனசுல நின்னது. என்கிட்ட வர்ற சில பேர நான் ஃபைல் பண்ண வேண்டாம்னு தான் அனுப்புவேன்னு சொன்னாங்க. டிபோர்ட் வகை கன்விக்ஷன் இருக்கிறவங்க ரினியூவல் போட்டு ரேகை குடுக்கறது வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்குற மாதிரி, இது என் வார்த்தை, அவங்க சொன்னதோட சாரம் அது தான். அதுக்காக ரினியூ பண்ணாமலே இருக்கவும் முடியாது, 18 வயசுக்கு மேல கார்ட கைல வெச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு. அந்த மாதிரி ஆளுங்களுக்கு முதல்ல கிரிமினல் கேஸ சரி பண்ண வழி இருக்கா, இல்ல இமிக்ரேஷன் கோர்ட்டுக்கே போனாலும் 'கேன்சலேஷன் ஆஃப் ரிமூவல்', அதாவது நாடு கடத்தறத ரத்து பண்ண சொல்லி கேக்க முடியுமானு பாக்கணுமாம். 5 வருஷம் கிரீன் கார்டு, சட்டப்படி உள்ள வந்து 7 வருஷம் இங்க வாசம், அக்ரவேட்டட் ஃபெலனி இல்ல, இதெல்லாம் இருந்தா ஜட்ஜ்கிட்ட கேக்கலாம், குடுக்குறதும் குடுக்காததும் ஜட்ஜ் கைல. அந்த 7 வருஷத்த குற்றம் செஞ்ச தேதியோட நிறுத்தி எண்ணலாம்ங்கிற கொடுமையும் அதுல இருக்கு. இதெல்லாம் ஃபார்ம் ஃபில் பண்றவங்களுக்கு தெரிய வாய்ப்பே இல்ல, அவங்க மேல கோபமும் இல்ல, அவங்க வேலை இது இல்ல.

கன்சல்டேஷன் ஒரு மணி நேரம்னு போட்டு 1 மணி 20 நிமிஷம் போச்சு, எக்ஸ்ட்ரா காசு கேக்கல. முடிவுல, உங்க கேஸுக்கு நீங்களே ஆன்லைன்ல போட்டுக்கலாம், என்னை வெக்கணும்னு கட்டாயம் இல்ல, வெச்சா ஏதாவது லெட்டர் வந்தா எனக்கும் வரும், அவ்வளவு தான் வித்தியாசம்னு சொன்னாங்க. எனக்கு அது தான் நம்பிக்கைய குடுத்துச்சு. ஃபிளாட் ஃபீஸ் 1,100 டாலர் குடுத்து வெச்சுக்கிட்டேன். ஜி-28னு ஒரு ஃபார்ம்ல கையெழுத்து போட்டா அவங்க நம்ம சார்பா ஆஜராகுறாங்கனு அர்த்தம். கவர்மென்ட் ஃபீஸ் தனி, ஆன்லைன்ல 415 டாலர், பேப்பர்ல போட்டா 465.

இனி குறை. லாயர் அருமை, ஆபீஸ் சுமார். பாராலீகல் (லாயருக்கு உதவியா பேப்பர் வேலை பாக்குறவங்க) அனுப்பின டிராஃப்ட்ல என் பிறந்த மாசமும் தேதியும் இடம் மாறியிருந்துச்சு. நம்ம ஊர் வழக்கப்படி தேதி முதல்ல எழுதின பாஸ்போர்ட்ட அமெரிக்க வழக்கத்துல படிச்சிருக்காங்க. நான் பாக்காம கையெழுத்து போட்டிருந்தா புது கார்டே தப்பா வந்திருக்கும். அத சரி பண்ண சொல்லி போட்ட ஈமெயிலுக்கு 9 நாள் பதில் இல்ல, ரெண்டு தடவ ஃபோன் பண்ணி வாய்ஸ்மெயில் விட்டேன், கடைசில லாயரே கூப்பிட்டு மன்னிப்பு கேட்டாங்க. ஏற்கனவே பயத்துல இருக்கிற ஆளுக்கு 9 நாள் மௌனம்ங்கிறது சாதாரணம் இல்ல. அத அவங்ககிட்டயே நேரா சொன்னேன்.

மார்ச் 2025 கடைசில ஃபைல் ஆச்சு. ரசீது வந்துச்சு, அதுல கார்டு எக்ஸ்பயர் தேதில இருந்து 36 மாசம் நீட்டிப்புனு போட்டிருக்கும், பழைய கார்டோட அந்த பேப்பர சேத்து வெச்சா செல்லும். மே மாசம் பயோமெட்ரிக்ஸ். 20 நிமிஷம், ரேகை, ஃபோட்டோ, கையெழுத்து, அங்க இருக்கிறவங்க கேஸ் பத்தி ஒரு கேள்வியும் கேக்கல, அது அவங்க வேலையும் இல்ல. கோர்ட் பேப்பர முன்கூட்டியே அனுப்பலாமானு நான் கேட்டதுக்கு, ஃபார்ம் கேக்காதத நாமளா அனுப்ப வேண்டாம், கேட்டா அன்னிக்கே அனுப்ப ரெடியா இருப்போம்னு லாயர் சொல்லிட்டாங்க. கேக்கல.

அதுக்கு நடுவுல நவம்பர்ல திருச்சில அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். போகாம இருக்க முடியாது, போனா திரும்ப விடுவாங்களானு பயம். ஒரு ஈமெயில் போட்டேன், இந்த தடவை லாயரே அன்னிக்கு ராத்திரி கூப்பிட்டாங்க. கிரீன் கார்டு இருக்கிறவன் வெளிய போயிட்டு வர்றது சாதாரணமா புது என்ட்ரினு எடுத்துக்க மாட்டாங்க, ஆனா சில குற்றம் இருந்தா புதுசா உள்ள வர கேக்குறவன் மாதிரி நடத்தலாம். உங்களுக்கு 'பெட்டி அஃபென்ஸ்' விலக்கு இருக்கு, ஒரே ஒரு குற்றம், உச்ச தண்டனை 1 வருஷத்த தாண்டல, உங்களுக்கு கிடைச்சது 6 மாசத்த தாண்டல, தைரியமா போங்க, சர்டிஃபைடு டிஸ்பொசிஷன் கைப்பைல இருக்கட்டும், செக்-இன் லக்கேஜ்ல போடாதீங்கனு சொன்னாங்க. இதுக்கு தனியா பில் வரல.

சென்னை ஏர்போர்ட் செக்-இன் கவுன்ட்டர்ல எக்ஸ்பயர் ஆன கார்ட பாத்துட்டு முழிச்சாங்க, ரசீத காட்டி சூப்பர்வைசர் வந்து பாத்து அனுப்ப கால் மணி நேரம் ஆச்சு. சான் ஃப்ரான்சிஸ்கோல இறங்கினதும் ரேகை வெச்ச உடனே ஆபீசர் ஸ்கிரீன பாத்துட்டு உள்ள ரூம்ல உக்கார சொல்லிட்டாரு. முன்ன ரெண்டு தடவையும் இப்படி நடக்கல. 40 நிமிஷம். கூப்பிட்டு 2017ல என்ன நடந்துச்சுனு கேட்டாரு, ஒரே வரில சொல்லிட்டு பேப்பர நீட்டினேன். செக்ஷன் நம்பர், ஃபைன், டிஸ்மிஸ் ஆன தேதி எல்லாம் சீலோட அதுல இருக்கு. ரெண்டு பக்கம் புரட்டினாரு, கம்ப்யூட்டர்ல ஏதோ அடிச்சாரு, பாஸ்போர்ட்ட குடுத்து போகலாம்னாரு. அந்த ஒரு காகிதம் இல்லாம எஃப்பிஐ ரெக்கார்டுல அந்த காலி இடத்தோட மட்டும் நான் அங்க நின்னிருந்தா எத்தன மணி நேரம் ஆகியிருக்குமோ.

ஃபைல் பண்ணின பத்தாவது மாசம் கார்டு தபால்ல வந்துச்சு. 10 வருஷத்துக்கு, பிறந்த தேதி சரியா இருக்கு.

சிட்டிசன்ஷிப் போடலாமானும் கேட்டு வெச்சிருக்கேன். அதுக்கான என்-400 ஃபார்ம்ல ஐ-90 மாதிரி இல்ல, இதுவரைக்கும் எப்பவாவது அரெஸ்ட் ஆகியிருக்கீங்களானு நேராவே கேக்குறாங்க, அழிச்ச கேஸையும் சொல்லணும், மறைச்சா அந்த பொய்யே தனி குற்றமாயிடும். பொதுவா நன்னடத்தைய பாக்குறது முந்தைய 5 வருஷம், என் கேஸ் அத தாண்டிடுச்சு, ஆனா அதுக்கு முன்னாடி நடந்ததையும் ஆபீசர் கணக்குல எடுக்கலாம்ங்கறாங்க. இந்திய பாஸ்போர்ட்ட விட்டுக் குடுக்க மனசு இன்னும் முழுசா வரல, அதனால அடுத்த கன்சல்டேஷன் அதுக்கு தனியா.

ரேட்டிங் கேட்டா லாயருக்கு 5, ஆபீஸ் நிர்வாகத்துக்கு 3. போறவங்களுக்கு, ரினியூவல கார்டு முடிய 6 மாசம் இருக்கும்போது தான் போட முடியும், ஆனா கன்சல்டேஷனுக்கு அதுக்கும் முன்னாடியே போயிடுங்க, எனக்கு கோர்ட்ல இருந்து பழைய ஃபைல எடுத்து சர்டிஃபைடு காப்பி குடுக்கவே 5 வாரம் ஆச்சு. ரெண்டு காப்பியா கேட்டு வாங்குங்க, ஒண்ணு லாயர்கிட்ட, ஒண்ணு பாஸ்போர்ட்டோட. அவங்க ஆபீஸ்ல சனிக்கிழமை ஸ்லாட் மாசத்துக்கு ரெண்டு தான், அது சீக்கிரம் போயிடும். டிராஃப்ட் வந்தா தேதிய நீங்களே ஒரு தடவ பாத்துடுங்க.